சக்கரத்துக்குள் நீல மணல்

கடைக்காரம்மா பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தார். எட்டு பேரிங்குகள் கிரீஸ் அப்பிய உடம்போடு உருண்டன. ஒன்று விளிம்பைத் தாண்டிப் பாய, அது தரையைத் தொடுவதற்குள் உதவியாளன் ரேடியோ பிடித்துவிட்டான்.

"ஒருத்தன் மாட்டிட்டான் மேடம். மீதி ஏழு பேரை நீங்க விசாரிங்க."

சர்வேயர் சிரிக்கவில்லை. வாகன இன்சூரன்ஸில் இருபத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்து, நசுங்கிய வண்டிகளின் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கிப் பழகியவள். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து ஒன்பது வருஷமாகியும் ஊர் அவளை அந்தப் பழைய பெயரால்தான் கூப்பிட்டது. ரேடியோ அவளுடைய ஒரே உதவியாளன், முன்னாள் பஸ் கண்டக்டர். வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் என்பதுபோலப் பேசுவான். அந்தப் பேச்சுக்காகவே அவனை வேலையில் வைத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. மாலை ஆறு மணிக்கு அவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டால் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சும். வீட்டில் அதுவும் இல்லை.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாங்கம்மா," என்றார் கடைக்காரம்மா. வண்டி உதிரிபாகக் கடை நடத்துகிறவர். பேரம் பேசிப் பேசி உரமேறிய குரல் இன்றைக்கு நடுங்கியது. "பழைய பிக்கப் வண்டி ஒண்ணு. லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரோடது. பின்சக்கரத்துல ஊளைச் சத்தம் வருதுன்னு எங்கிட்ட பேரிங் வாங்கிப் போட்டார். பதினோரு வருஷம் ஓடின பேரிங், தேஞ்சது நியாயம். ஆனா நான் குடுத்த புதுசு பதினாலு வாரத்துல போச்சு. அடுத்தது ஒம்போது வாரம். அதுக்கடுத்தது அஞ்சே வாரம்."

"கடைசியா போனப்ப என்ன ஆச்சு?"

"போன செவ்வாய்க்கிழமை. இறக்கத்துல வரும்போது சக்கரம் அப்படியே இறுகிப்போய், வண்டி இழுத்துக்கிட்டுப் போய் குழந்தைங்க பள்ளிக்கூடச் சுவத்துல மோதிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அது யார் செஞ்ச புண்ணியமோ. ஆனா தெருவே என் கடை பேரிங் போலின்னு பேசுது. சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்காரங்க சங்கம் கூடுது. இனிமே எங்கிட்ட யாரும் சாமான் வாங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்க."

சர்வேயர் ஒரு பேரிங்கைக் கையிலெடுத்து விரலால் சுழற்றினாள். கரகரவென்றது. உள்ளிருந்த கிரீஸை வழித்து ஒரு காகிதத்தில் தடவி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள். கிரீஸ் கரைந்தோட, காகிதத்தில் மணல் தங்கியது.

"மண்ணள்ளிப் போட்டது பொழப்புல இல்லம்மா," என்றான் ரேடியோ. "பேரிங்ல."

"ரோட்டு மண் தானா உள்ள போயிருக்காதா?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

"போகணும்னா ரப்பர் சீலைக் கிழிச்சிட்டுத்தான் போகணும்." பையிலிருந்த ரப்பர் வளையத்தை எடுத்துச் சாளர வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. "வாசல் பூட்டினபடியே இருக்கு. வீட்டுக்குள்ள திருடன். அப்ப சாவி வச்சுத் திறந்துதான் வந்திருக்கான். இன்னொண்ணு, தேஞ்சு போற பேரிங் ஒரு பக்கம் முன்னால போகும், ஒரு பக்கம் பின்னால போகும். இங்க ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல, சொல்லி வச்ச மாதிரி."

காகிதத்தை இன்னும் கொஞ்சம் கண்ணருகே கொண்டுபோனாள். வெள்ளை மணலுக்கு நடுவே இரண்டு பொடிக்கற்கள். பளிச்சென்ற நீலம்.

"நீலக் கல் கெடக்கற ரோடு எங்க மேடம் இருக்கு? இருந்தா என் பொண்டாட்டி எப்பவோ கூட்டிட்டுப் போகச் சொல்லியிருப்பாளே."

"வண்டி இப்ப எங்க?"

"ஷெட்லதான். ஒரு வாரமா ஜாக்கிமேல நிக்குது," என்ற கடைக்காரம்மா, முத்திரை பிரிக்காத புது பேரிங் பெட்டிகளை மேசையில் அடுக்கினார். "உங்க கண் முன்னாலயே இதைப் போடச் சொல்லுங்க. போட்டதுக்கப்புறம் கெட்டா நான் கடையை மூடிடறேன்."

*

ஒர்க்‌ஷாப் என்பது நீளமான ஒரு தகர ஷெட். பின்னால் ஒட்டினாற்போல் ஓர் அறை. திறந்திருந்த கதவு வழியே ஒற்றைக் கட்டிலும் கொடியில் இரண்டு சட்டைகளும் தெரிந்தன. வெளுத்துப்போன பச்சை பிக்கப், பின்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டு, தலை குப்புற யோசிக்கிறவன்போல நின்றது.

மெக்கானிக்குக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் வரும். ரேடியோ ஐந்து நிமிஷம் அவர் வாயைக் கிளறிப் பார்த்துவிட்டு ஓய்ந்தான்.

"மேடம், இவர்கிட்ட டிக்கெட் குடுத்தா சில்லறைகூட கேக்கமாட்டார்போல."

"எங்க முன்னாடி ஒரு சக்கரத்தைக் கழட்டுங்க," என்றாள் சர்வேயர்.

மெக்கானிக் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். சக்கரம் கழன்றது. நடுவிலிருந்த போல்ட்டுகளை அவிழ்த்து, நீண்ட ஆக்சில் கம்பியை உறையிலிருந்து கத்தியை உருவுவதுபோல உருவி, எண்ணெய் சொட்டச் சுவரோரம் சாத்தினார். உள்ளே ஒரு பெரிய நட். அது தானாகக் கழலாமல் பிடித்துக்கொள்ள, காதுகள் வைத்த ஒரு தகட்டு வளையம்.

"இந்த வாஷரைப் பழசையே போடுவீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் புதுசு."

"எத்தனை காது மடக்குவீங்க?"

"ஒண்ணு."

அவர் வளையத்தைக் கழற்றி, விளிம்பில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடி நீட்டினார். சர்வேயர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு காதில் மடித்து நிமிர்த்திய தழும்பு. சற்றுத் தள்ளி இன்னொரு காதிலும் அதே தழும்பு. ஒருமுறை பூட்டிய பூட்டு, இரண்டுமுறை திறக்கப்பட்டிருக்கிறது.

அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் ஹப்பை மெக்கானிக் வெளியே இழுத்தார். வெளிப்பக்கத்து பேரிங் உருளைகள் நீலம் பாரித்துக் கருகியிருந்தன. கிரீஸைத் தொட்டுத் தேய்த்தால் விரலில் மணல் நெருடியது. ஆனால் அதைச் சுற்றியிருந்த பிரேக் டிரம்? தூசி தட்டித் துடைத்து, சாப்பிடுகிற தட்டுமாதிரி இருந்தது.

"கெடுக்க வந்தவன் துடைச்சு வச்சிட்டுப் போயிருக்கான் பாரு," என்றாள் ரேடியோவிடம்.

"நல்ல குடும்பத்துப் பையன் மேடம்." அவன் அவளைத் தனியாக இழுத்து, தன் குரலுக்கு முடிந்த அளவு ரகசியமாகச் சொன்னான்: "எனக்கு ரெண்டு பேர் மேல சந்தேகம். ஒண்ணு, எதிர்த்த உதிரிபாகக் கடைக்காரன். ரெண்டாவது, இந்த ஊமைக்கோட்டான். வேலை வேணும்னு அவரே கெடுத்து அவரே சரி பண்றார்."

"வேலை வேணும்னா ஊர்ல வேற வண்டியே இல்லையா? ஒரே வண்டியை ஏன் கெடுக்கணும்?"

அவள் கண் ஷெட்டைச் சுற்றியது. மெக்கானிக் உட்காரும் பலகைக்கு எதிரில் ஒரு முக்காலி. அதன்மேல் கோணிப்பையை நான்காக மடித்து மெத்தைபோலப் போட்டிருந்தது. சுற்றிலும் அழுக்கு, அந்தக் கோணி மட்டும் சுத்தம்.

"இது யாருக்கு?"

மெக்கானிக் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். "வண்டிக்காரருக்கு. வேலை முடியற வரைக்கும் அவர் கூடவே உக்காந்திருப்பார்."

"எவ்வளவு நேரம்?"

"காலையில ஒம்போது மணிக்கு வந்தா... சாயங்காலம் ஆயிடும்."

"ரெண்டு சக்கரத்துக்கா?"

"நிதானமாத்தான் செய்வேன்."

"எப்பவும் என்ன கிழமை வருவார்?"

"செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு எனக்கு வேற வேலை இருக்காது."

சர்வேயர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பதினான்கு, ஒன்பது, ஐந்து. தேய்கிற இரும்புக்கு இப்படி அவசரம் வராது. அவசரம் மனுஷனுக்குத்தான் வரும்.

"வண்டியைக் கழட்டினபடியே வைங்க. ஒரு மணி நேரத்துல வரோம்," என்றாள்.

*

வண்டிக்காரரின் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் ஏறியதும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. அழைப்புமணியில் விரல் பட்டதும் படாததுமாகக் கதவு திறந்தது. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பார்போல.

லிஃப்ட்காரருக்கு அறுபத்தாறு வயது. சலவைச் சட்டை, வழவழவென்று மழித்த முகம். கண்கள் மட்டும் ஒரு வாரமாகத் தூங்காத சிவப்பு. அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முன்பே, "வாங்க, வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. டீயைத் தொடர்ந்து பேச்சு வந்தது. இந்தக் கட்டடத்து லிஃப்டை அவரே இன்னும் பார்த்துக்கொள்வது, முப்பத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் சொல்கிற முதல் வார்த்தை, பிக்கப்பின் கியர் பெட்டி. ஒரு பேச்சு முடியும் இடத்தில் அடுத்ததைக் கோத்துவிடுவார், எங்கே எழுந்து போய்விடுவார்களோ என்று.

ரேடியோ மூன்றுமுறை வாயைத் திறந்து மூன்றுமுறை மூடினான். அவன் வாழ்க்கையில் இப்படி நடந்ததில்லை.

சர்வேயர் பேச்சைக் கேட்டுக்கொண்டே அறையைப் பார்த்தாள். சுவரில் ஒரு பெண்ணின் படம். மடித்து வைத்த ஒரு போர்வை. ஜன்னலோரம் ஒரு கண்ணாடி மீன்தொட்டி. தண்ணீர் இல்லை, மீன் இல்லை. அடியில் வெள்ளை மணல், ஊடே நீலப் பொடிக்கற்கள்.

கண்ணாடியில் மணல் முன்பு நின்ற உயரத்துக்கு ஒரு கறைக்கோடு. இப்போது மணல் அந்தக் கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தது.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மீன் வளத்தீங்களா?"

"என் வீட்டுக்காரி வளத்தா." அவர் குரல் முதல்முறையாகத் தடுக்கியது. "அவ போய் மூணு வருஷம் ஆச்சு. அவளுக்கப்புறம் நானும் தீனி போட்டேன். என்ன தப்பு பண்ணினேனோ, ஒவ்வொண்ணா மெதந்துடுச்சு."

"மணலை மட்டும் வச்சிருக்கீங்க."

"அவ பொறுக்கி வாங்கினது."

"அப்படிப்பட்ட மணலை எடுத்து பேரிங்ல போட எப்படிங்க மனசு வந்தது?"

ரேடியோ அவளைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், லிஃப்ட்காரரைப் பார்த்தான். கேலி செய்ய எதுவும் அகப்படவில்லை.

லிஃப்ட்காரர் மறுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அதுவரை கொட்டிய பேச்சு வற்றிப்போய், சொற்கள் சொட்டுச் சொட்டாக வந்தன.

"முதல் தடவை நெசமாவே கெட்டதுதான். அன்னைக்கு ஒரு நாள் பூரா அந்த ஷெட்ல உக்காந்திருந்தேன். அவர் வேலை பாத்தார், நான் பேசினேன். மத்தியானம் பார்சல் வாங்கி ரெண்டு பேரும் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்தப்புறம்தான் கணக்குப் போட்டுப் பாத்தேன். நான் இன்னொரு மனுஷன்கூட உக்காந்து சாப்பிட்டு ரெண்டரை வருஷம் ஆயிருந்தது."

"சும்மாவே போயிருக்கலாமே?"

"போய் நின்னா என்ன வேணும்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது?" அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "லிஃப்ட் நின்னுபோனாத்தாம்மா என்னைக் கூப்பிடுவாங்க. ஓடற லிஃப்டுக்கு யாரும் ஆள் தேடமாட்டாங்க. முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் ஒவ்வொரு கதவையும் தட்டினேன். ஏதாவது கெட்டுப் போகாம ஒரு வாசல்ல எப்படி நிக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

"நீங்களே கழட்டி, மணல் போட்டு, துடைச்சுப் பூட்டிட்டீங்க."

"முதல்ல ஒரு சிட்டிகைதான் போட்டேன். பதினாலு வாரம் ஓடிடுச்சு. அவ்வளவு நாள் தாங்கலை. அடுத்த தடவை ஒரு ஸ்பூன். போன தடவை..." கையைக் குழித்துக் காட்டினார்.

"கிளம்புங்க," என்றாள் சர்வேயர். அவள் குரலில் இரக்கம் இருந்தது, ஆனால் அதைவிடக் கோபம் அதிகம் இருந்தது. "போற வழியில ஒரு இடத்தைப் பாத்துட்டுப் போகணும்."

*

பள்ளிக்கூடச் சுவரில் ஒரு முழம் நீளத்துக்குச் செங்கல் பெயர்ந்திருந்தது. அங்கிருந்து இரண்டடி தள்ளி இரும்புக் கதவு. கதவுக்கு உள்ளே சின்னச் சின்ன செருப்புகள் வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருந்தன.

லிஃப்ட்காரர் காரிலிருந்து இறங்க மறுத்தார். சர்வேயர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் இறங்கினார்.

"அன்னைக்கு இந்தக் கதவுக்குப் பின்னால ஒரு பொண் குழந்தை நின்னுச்சு," என்றார். "நாலு வயசுகூட இருக்காது. வண்டி சறுக்கி வந்து மோதினதும் அது கை தட்டிச்சும்மா. ஏதோ வேடிக்கை காட்டறேன்னு நெனச்சுக்கிச்சு. ராத்திரி கண்ணை மூடினா அந்தக் கைதட்டல்தான் கேக்குது."

"கேக்கட்டும்," என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நாளைக்குக் கேக்கணும்."

அவர் தலையைக் குனிந்தபடி நின்றார். ரேடியோ எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அதில் அழுக்கே இல்லை.

*

ஷெட் வாசலில் மூவரையும் சேர்த்துப் பார்த்ததும் மெக்கானிக் எழுந்துவிட்டார். கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"குற்றவாளி கிடைச்சாச்சு," என்றாள் சர்வேயர். "மணல் போட்டது இவர்தான். ஒத்துக்கிட்டார்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது," என்று ரேடியோ பெருமூச்சு விட்டான்.

"பாதிதான் முடிஞ்சிருக்கு." அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்தத் தகட்டு வளையத்தை மெக்கானிக்கின் முன்னால் பலகையில் வைத்தாள். "இதுல ரெண்டு காது மடங்கியிருக்கு. நீங்க மடக்கறது ஒண்ணு. காலையில எங்கிட்ட நீட்டும்போது, மத்த காதைக் கட்டைவிரலால மறைச்சுப் பிடிச்சிருந்தீங்க. தெரியாதவர் எதுக்கு மறைக்கணும்?"

லிஃப்ட்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"முதல் தடவை மணல் போட்டப்பவே," என்றார் மெக்கானிக். "கழட்டி மாட்டின கை எதுன்னு பாத்தாலே தெரியும். இவ்வளவு சுத்தமா மாட்டறவர் இந்த ஊர்ல ஒருத்தர்தான்."

"தெரிஞ்சுமா..." லிஃப்ட்காரரின் குரல் உடைந்தது. "தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லலை?"

"சொன்னா வரமாட்டீங்களே."

ஒரே வாக்கியம். அதற்குப் பிறகு அந்தப் பேசாத மனுஷனுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. "எனக்கும் பேச வராது. வரவன் போறவன் எல்லாரும் வண்டிகிட்டதான் பேசறான். நீங்க மட்டும்தான், 'நீ சாப்பிட்டியா'ன்னு கேப்பீங்க. மூணு மணி நேர வேலையைச் சாயங்காலம் வரைக்கும் இழுத்தது எதுக்குன்னு நெனச்சீங்க?" சர்வேயர் பக்கம் திரும்பினார். "இவர் சந்தைக்கும் வீட்டுக்கும் மெதுவா ஓட்டறவர், சத்தம் வந்ததும் கொண்டு வந்துடுவார், ஆபத்து இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"ஆபத்து இல்லையா?" சர்வேயரின் குரல் உயர்ந்து தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. ஒன்பது வருஷத்தில் ரேடியோ அந்தக் குரலைக் கேட்டதில்லை. "ரெண்டு பெரிய மனுஷங்க உக்காந்து பேசிக்கறதுக்கு ஒரு குழந்தை உயிரைப் பணயம் வைக்கணுமா? ஒரு அம்மா முப்பது வருஷமாக் கட்டின பேர் தெருவுல நாறணுமா? அவங்க கடையில போலின்னு ஊரே பேசினப்ப, நீங்க வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே!"

இரண்டு ஆண்களும் திட்டு வாங்கிய பள்ளிப் பிள்ளைகள்போல நின்றார்கள்.

கத்தி முடித்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. இந்த இருவரையும் பார்க்கப் பார்க்க, கோபம் முழுவதும் அவர்கள் மேல் இல்லை என்பது புரிந்தது. முடிந்துபோன கேஸ்களுக்கு இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு விசாரணை என்று அவள் இழுத்தடித்ததில்லையா? சாட்சிகளின் வீட்டில் தேவையில்லாத மூன்றாவது கேள்வி, நான்காவது கேள்வி. அவள் அதற்குக் கவனம் என்று பெயர் வைத்திருந்தாள்.

"புது பேரிங்கை மாட்டுங்க," என்றாள் தணிந்த குரலில். "ரெண்டு பேருமாச் சேர்ந்து மாட்டுங்க. மூணு மணி நேரம்தான். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

வேலை தொடங்கியது. கருகிய வளையங்களைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே தள்ளினார் மெக்கானிக். ஹப்பின் உட்புறத்தை மணல் ஒன்றுகூட மிஞ்சாமல் மூன்றுமுறை கழுவித் துடைத்தார் லிஃப்ட்காரர். புது கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தி அழுத்தி ஏற்றினார்கள், ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். புது சீல். நட்டை இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டு, ஒரே ஒரு காதை மடக்கினார் மெக்கானிக். இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால் கை நீண்டது. கேட்காமலே ஸ்பேனர் வந்தது.

ரேடியோ ஒரு டயர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம்," என்றான் மெதுவாக, "இந்தக் கேஸ்ல என்னால ஒரு ஜோக்கும் சொல்ல முடியலை. சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

*

பிக்கப் ஊளையிடாமல் உதிரிபாகக் கடை வாசலில் போய் நின்றபோது மணி ஐந்து. கடையில் நான்கு பேர் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க நின்றிருந்தார்கள். லிஃப்ட்காரர் அவர்கள் நடுவே போய் நின்று, யாரும் கேட்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தான் மணல் போட்டதை, எங்கிருந்து எடுத்தார் என்பதை, எதற்காக என்பதைக்கூட.

கடைக்காரம்மா கடைசிவரை கேட்டார். கல்லாப்பெட்டிமேல் ஊன்றிய கையை எடுக்கவில்லை.

"எனக்குப் பாவம் பாக்கத் தெரியும்," என்றார். "ஆனா இன்னைக்குப் பாக்கமாட்டேன். ஒரு வாரமா நான் வீட்டுல அடுப்பு பத்த வைக்கலை. சனிக்கிழமை சங்கத்துல வந்து, இப்பச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமச் சொல்லணும்."

"சொல்றேன்."

"நானும் வரேன்," என்றார் மெக்கானிக், வாசலில் நின்றபடி. "எனக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு நான் சொல்றேன்."

கடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருப்பிக் கொடுக்க வந்த முதல் ஆளிடம், "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்றார். அந்த ஆள் கையிலிருந்த பெட்டியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு," என்று நழுவினான்.

வண்டிச் சாவியை மெக்கானிக்கிடம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, லிஃப்ட்காரரைத் தன் காரிலேயே கொண்டுவந்து விட்டாள் சர்வேயர். ரேடியோ வழியிலேயே இறங்கிக்கொண்டான். அவன் கடைசிப் பெண்ணுக்கு அன்று பரீட்சை முடிந்திருந்தது.

நான்காவது மாடியில் அவர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். காலையில் குடித்த மூன்று டீ டம்ளர்கள் அப்படியே இருந்தன. அவள் வாசலிலேயே நின்றாள்.

"உங்க வேலை முடிஞ்சிடுச்சு இல்லையா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிடுச்சு."

"அப்ப இனிமே வரமாட்டீங்க."

அதில் குறை இல்லை, கெஞ்சல் இல்லை. கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். அவள் லிஃப்ட்டின் பொத்தானை அழுத்திவிட்டு, அது வந்து நின்று கதவு திறந்த பிறகும் ஏறாமல் நின்றாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

"வேலை இல்லாம ஒருத்தர் வீட்டுக்குப் போறது எப்படின்னு எனக்கும் தெரியாது," என்றாள். "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பீங்க?"

"எப்பவும்," என்றார் அவர்.